வினிப்பெக் நகரம் எப்படி வளர்ந்தது, ஏன் பாதியில் நின்றது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் புல்வெளி மாகாணங்கள் மூன்று: மனிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா. இன்றைக்கு அந்தப் பக்கம் வேலை தேடிப் போகிறவர்கள் கால்கரி, எட்மன்டன் என்றுதான் பேசுகிறார்கள். ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால் அந்த வட்டாரம் முழுவதற்கும் சந்தை, வங்கி, ரயில் நிலையம் எல்லாமே மனிடோபாவின் வினிப்பெக்தான். மான்ட்ரியால், டொரன்டோவுக்கு அடுத்து கனடாவின் மூன்றாவது பெரிய நகரம். அதன் கதையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

அவ்வளவு குளிரும் வெள்ளமும் உள்ள இடத்தில் போய் ஏன் ஒரு நகரம் கட்டினார்கள்?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், பாதி பதில் அங்கேயே இருக்கிறது. வடக்கே கடல் மாதிரி வினிப்பெக் ஏரி. தெற்கே சுமார் நூறு கிலோமீட்டரில் அமெரிக்க எல்லை. கிழக்கே பாறையும் குட்டை ஏரிகளும் காடுமாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் நிலம், அங்கே உழவே முடியாது. அந்தப் பாறை முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் நகரம். அமெரிக்காவுக்குள் நுழையாமல் கிழக்கிலிருந்து மேற்கே போக வேண்டுமென்றால் ஏரிக்கும் எல்லைக்கும் நடுவில் உள்ள அந்தக் குறுகிய பட்டையைக் கடந்தே ஆக வேண்டும். குடத்தின் கழுத்து போன்ற இடம். உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்த வழியாகத்தான்.

போதாக்குறைக்கு ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் கலப்பது அங்கேதான். அந்தக் கூடுதுறைக்கு 'தி ஃபோர்க்ஸ்' என்று பெயர். அகழாய்வில் கிடைத்தவற்றைப் பார்த்தால் சுமார் 6,000 ஆண்டுகளாக மனிதர்கள் அங்கே வந்து கூடியிருக்கிறார்கள், மீன் பிடித்திருக்கிறார்கள், பண்டம் மாற்றியிருக்கிறார்கள். அதனால் 'வெறும் புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் ஒரு நகரத்தை உருவாக்கினார்கள்' என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். சந்தை ஏற்கெனவே அங்கே இருந்தது.

ஐரோப்பியர்கள் எப்போது வந்தார்கள்? எதற்கு?

1738இல் லா வெரந்திரி என்ற பிரெஞ்சு வணிகர் வந்து ஒரு சிறு கோட்டை போட்டார். நோக்கம் தோல் வியாபாரம். பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் மென்மயிர்த் தோலுக்கு ஐரோப்பாவில் நல்ல விலை, தொப்பி செய்வார்கள். பிறகு இரண்டு நிறுவனங்கள் இந்த வியாபாரத்துக்காக அடித்துக்கொண்டன: லண்டனைச் சேர்ந்த ஹட்சன்ஸ் பே கம்பெனி, மான்ட்ரியாலைச் சேர்ந்த நார்த் வெஸ்ட் கம்பெனி. 1812இல் செல்கர்க் பிரபு என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஊரில் நிலம் பறிபோன விவசாயிகளை இங்கே கொண்டுவந்து குடியேற்றத் தொடங்கினார். வந்தவர்களுக்கு இந்தக் குளிர் புதிது, இந்த மண் புதிது. சோல்ட்டோ என்ற பூர்வகுடி இனத்தின் தலைவர் பெக்விஸ் உதவியிராவிட்டால் முதல் சில குளிர்காலங்களைத் தாண்டியிருக்க மாட்டார்கள் என்பது மிகையில்லை.

இதற்குள் அங்கே ஒரு புதிய சமூகமும் உருவாகிவிட்டது. பிரெஞ்சு, ஸ்காட்டிஷ் வணிகர்களுக்கும் கிரீ, ஒஜிப்வே என்ற பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்து, தனக்கென்று மொழியும் உடையும் எருமை வேட்டை ஒழுங்கும் வைத்திருந்த மேட்டி மக்கள். 1816 ஜூன் 19 அன்று செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் இவர்களுக்கும் ஹட்சன்ஸ் பே ஆட்களுக்கும் மோதல் வந்து, ஆளுநர் ராபர்ட் செம்பிள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1821இல் இரு நிறுவனங்களும் ஒன்றாகின, சண்டை ஓய்ந்தது.

லூயி ரியேல் என்று ஒருவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அவர் தேசத்துரோகியா, தலைவரா?

தூக்கில் போட்டது தேசத்துரோகக் குற்றத்துக்கு. இன்று மனிடோபாவில் பிப்ரவரி மாதத்தின் மூன்றாம் திங்கள்கிழமை அவர் பெயரில் அரசு விடுமுறை. 2023இல் மாகாணச் சட்டமன்றம் அவருக்கு முதல் முதல்வர் என்ற கௌரவப் பட்டத்தையும் கொடுத்தது. நடுவில் நடந்தது இதுதான்.

1869இல் ஹட்சன்ஸ் பே கம்பெனி தன் கையில் இருந்த பெருநிலப்பரப்பை 3 லட்சம் பவுண்டுக்குக் கனடாவுக்கு விட்டுக்கொடுத்தது. அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடனே நில அளவையாளர்கள் சங்கிலியோடு வந்துவிட்டார்கள். மேட்டிகளின் நிலம் ஆற்றங்கரையிலிருந்து பின்னோக்கி நீளும் குறுகிய பட்டைகளாக இருந்தது, வந்தவர்களோ சதுரம் சதுரமாக அளக்கத் தொடங்கினார்கள். அப்போது இருபத்தைந்து வயதுகூட நிறையாத மேட்டி இளைஞர் ரியேலும் தோழர்களும் அளவையைத் தடுத்தார்கள். நவம்பரில் அப்பர் ஃபோர்ட் கேரி என்ற கோட்டையைப் பிடித்து, ஒரு தற்காலிக அரசை அமைத்து, தலைநகர் ஒட்டாவாவிலிருந்த கனடா அரசுடன் பேச்சு நடத்தினார்கள். அதன் விளைவுதான் 1870 ஜூலை 15 அன்று பிறந்த மனிடோபா மாகாணம்.

மேட்டிக் குழந்தைகளுக்கு 14 லட்சம் ஏக்கர் நிலம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கொடுத்த விதம்தான் மோசம். இழுத்தடித்தார்கள், தப்பும் தவறுமாகப் பட்டியல் போட்டார்கள், இடையில் புகுந்த நில வியாபாரிகள் அடிமாட்டு விலைக்கு உரிமைகளை வாங்கிக்கொண்டார்கள். பலர் வெறுத்துப்போய் மேற்கே சஸ்காச்சுவானுக்குப் போனார்கள். 1885இல் அங்கேயும் எழுச்சி நடந்து, அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று ரியேல் ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்டார். நிலத்தைக் கொடுப்பதில் அரசு உரிய அக்கறையோடு நடந்துகொள்ளவில்லை என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2013இல். நூற்று நாற்பது வருடம்! ரியேலின் கல்லறை வினிப்பெக்கில் செயின்ட் போனிஃபஸ் பேராலய வளாகத்தில் இருக்கிறது.

சிறு ஊர் எப்படித் திடீரென்று பெருநகரம் ஆனது?

ரயில். வேறு ஒன்றுமில்லை, ரயில்தான்.

1873இல் நகரமாகப் பதிவு செய்தபோது அங்கே இருந்தவர்கள் 1,869 பேர். (அடுத்த வருட ஆரம்பத்தில் நடந்த முதல் மேயர் தேர்தலில் வாக்காளர்களைவிட வாக்குகள் அதிகம் விழுந்தன. சொத்து இருந்த ஒவ்வோர் இடத்திலும் ஓட்டுப் போடலாம் என்று இருந்ததால் வந்த வேடிக்கை.) நாட்டைக் குறுக்காகக் கடக்கும் கனேடியன் பசிபிக் ரயில்பாதை முதலில் வினிப்பெக் வழியாகப் போவதாகவே இல்லை. பொறியாளர் சாண்ட்ஃபர்ட் ஃபிளெமிங் வடக்கே செல்கர்க் என்ற ஊரில் ஆற்றைக் கடக்கலாம் என்றார். காரணம் எளிது, அங்கே கரை மேடு, வெள்ளம் ஏறாது. பொறியியல் கணக்கில் அவர் சொன்னதே சரி.

ஆனால் வினிப்பெக் வியாபாரிகள் விடவில்லை. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் நாங்களே கட்டித் தருகிறோம், நிலையத்துக்கு இலவச நிலம், 2 லட்சம் டாலர் ரொக்கம், ரயில் சொத்துக்கு என்றைக்குமே வரி கிடையாது என்று அள்ளிக் கொடுத்தார்கள். 1881இல் பாதை திரும்பியது. செல்கர்க் இன்றும் சிறு நகரம்தான். இந்த ஒரு பேரத்தை வைத்தே வினிப்பெக்கின் பிற்கால நன்மை தீமை இரண்டையும் விளக்கிவிடலாம் என்பது என் எண்ணம்: வளர்ச்சியும் வந்தது, தாழ்நிலத்தில் வெள்ளமும் வந்தது, நகரின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு, பெட்டிகளை நிறுத்திப் பிரித்துக் கோக்கும் ஒரு ரயில் முற்றமும் வந்தது.

பாதை வருகிறது என்றதும் மனை வியாபாரம் பைத்தியக்கார நிலைக்குப் போனது. பார்க்காத நிலத்தை வாங்கி அன்று சாயங்காலமே இன்னொருவருக்கு விற்றார்கள். 1882 வசந்தத்தில் வெள்ளம் வந்தது, விலையும் விழுந்தது. பலர் நடுத்தெருவுக்கு வந்தார்கள், ரயில் மட்டும் நின்றுவிடவில்லை.

அப்புறம் கோதுமை?

ஆமாம். புல்வெளி முழுவதும் விளைந்த கோதுமை கிழக்கே போக வேண்டும், கிழக்கிலிருந்து கலப்பை, துணி, ஆணி, அடுப்பு எல்லாம் மேற்கே போக வேண்டும். இரண்டும் வினிப்பெக்கில் கைமாறின. 1887இல் தானியச் சந்தை அங்கே தொடங்கியது, சில பத்தாண்டுகளில் உலகக் கோதுமை விலையைப் பாதிக்கும் சந்தைகளில் ஒன்றாகிவிட்டது. மொத்த வியாபாரிகளுக்கு ரயில் கட்டணத்தில் தனிச் சலுகை வேறு. மேற்குக் கனடாவின் வேறெந்த நகரத்துக்கும் அது இல்லை என்பதால் மற்ற ஊர்க்காரர்களுக்கு வினிப்பெக் மேல் ஒரு கடுப்பு எப்போதும் உண்டு.

எண்களைப் பாருங்கள்: 1881இல் 7,985 பேர். 1901இல் 42,340. 1911இல் 1,36,035. பத்தே வருடத்தில் மும்மடங்கு. 'வடக்கின் சிகாகோ' என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் எழுந்த வங்கிகளும் கல், செங்கல் கிடங்குகளும் எக்ஸ்சேஞ்ச் டிஸ்ட்ரிக்ட் என்ற பகுதியில் இன்றும் அப்படியே நிற்கின்றன. பிற்காலத்தில் இடித்துக் கட்டப் பணம் இல்லாததால்தான் அவை பிழைத்தன, இது உள்ளூர்க்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வது.

'நார்த் எண்ட்' என்றால் என்ன? ஏன் அந்தப் பெயரைச் சொன்னதும் முகம் மாறுகிறது?

ரயில் முற்றத்துக்கு வடக்கே உள்ள பகுதி. உக்ரேனியர்கள், போலந்துக்காரர்கள், ரஷ்யாவிலிருந்து தப்பி வந்த யூதர்கள், ஜெர்மானியர்கள் என்று கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பணக்காரர்கள் அசினிபோயின் ஆற்றுக்குத் தெற்கே. இரண்டுக்கும் நடுவில் தண்டவாளம். மேலே பாலத்தில் அல்லது கீழே சுரங்கவழியில்தான் கடக்க முடியும். சாக்கடை இணைப்பு, குழாய்த் தண்ணீர் எல்லாம் தெற்கே முதலில், வடக்கே கடைசியில். 1904, 1905இல் டைஃபாய்டு பரவியபோது அதிகம் செத்தது எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

இன்று அங்கே பூர்வகுடி மக்கள் அதிகம். வறுமை இருக்கிறது, அதே அளவுக்கு அமைப்புகளும் போராட்டக் குணமும் இருக்கின்றன. 'அந்தப் பக்கம் போகாதே' என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் பழக்கத்தை நிறுத்தினால் நல்லது.

1919 வேலைநிறுத்தம் உண்மையிலேயே அவ்வளவு பெரிதா?

கனடா வரலாற்றிலேயே மிகவும் பேர்போனது. போர் முடிந்து வீரர்கள் திரும்பி வருகிறார்கள், வேலை இல்லை, விலைவாசி ஏறிக் கிடக்கிறது. கட்டட, உலோகத் தொழிலாளர்கள் மே தொடக்கத்தில் வேலையை நிறுத்தினார்கள். மே 15 அன்று பொது வேலைநிறுத்தம். முதலில் எழுந்து போனவர்கள் தொலைபேசி நிலையப் பெண்கள், காலை ஏழு மணிக்கே. சுமார் 30,000 பேர் வெளியே வந்தார்கள். நகரத்து மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட வீட்டுக்கு ஒருவர்.

எதிர்த்தரப்பில் முதலாளிகளும் வக்கீல்களும் சேர்ந்து 'ஆயிரம் பேர் குழு' அமைத்தார்கள். இது அந்நியர்கள் செய்யும் சதி, ரஷ்யப் புரட்சி இங்கே வருகிறது என்று பரப்பினார்கள். கைதான தலைவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனில் பிறந்தவர்கள் என்பதுதான் வேடிக்கை. ஜூன் 21 சனிக்கிழமை மெயின் தெருவில் கூட்டம் கூடி ஒரு டிராம் வண்டியைச் சாய்த்துத் தீ வைக்க, குதிரைப் போலீஸ் துப்பாக்கியோடு பாய்ந்தது. இருவர் இறந்தார்கள். சில நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது.

தோற்றார்கள், சரி. ஆனால் அடுத்த வருடத் தேர்தலில் சிறையில் இருந்த தலைவர்கள் மூவரை மக்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரான ஜான் குவீன் பிற்பாடு வினிப்பெக்கின் மேயரே ஆனார்.

குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கேட்கச் சாதாரணக் கேள்வி. பதில் சங்கடமானது.

டைஃபாய்டுக்குப் பிறகு சுத்தமான நீர் வேண்டும் என்று முடிவாகி, ஒன்டாரியோ எல்லையில் உள்ள ஷோல் ஏரியிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கால்வாய்க் குழாய் போட்டார்கள், 1919இல் தண்ணீர் வந்தது. பம்ப் இல்லை. சரிவிலேயே ஓடி வருகிறது. பொறியியலாகப் பார்த்தால் அருமையான வேலை, இன்றும் நகரம் குடிப்பது அதைத்தான். ஆனால் அந்தக் கட்டுமானம் ஷோல் ஏரி 40 என்ற பூர்வகுடிச் சமூகத்தைத் தீவாக்கிவிட்டது. நகரத்துக்கு நல்ல தண்ணீர் போனது, அவர்களுக்குச் சாலை இல்லை. கோடையில் படகு, குளிரில் பனிக்கட்டி மேல் நடை, பனி உருகும் பருவத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. 1997இலிருந்து அவர்கள் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வேறு. 'விடுதலைச் சாலை' என்று அவர்கள் பெயரிட்ட பாதை 2019இல் திறந்தது, சுத்திகரிப்பு நிலையம் 2021இல். நகரத்துக்கும் அவர்களுக்கும் ஒரே ஏரிதான். நடுவில் நூற்றுச் சொச்சம் ஆண்டு.

சரி, ஏன் வளர்ச்சி நின்றது?

ஒரே காரணம் சொல்பவர்கள் பனாமா கால்வாயைச் சொல்வார்கள். 1914இல் அது திறந்ததும் மேற்குக் கரையிலிருந்து சரக்கைக் கப்பலில் சுற்றி அனுப்புவது மலிவானது, வான்கூவர் எழுந்தது. உண்மைதான், ஆனால் அது மட்டுமே இல்லை. ரயில் கட்டணச் சலுகை கரைந்தது. போர் முதலீட்டை நிறுத்தியது. 1930களில் வறட்சியும் பெருமந்தமும் சேர்ந்து கோதுமையையே கவிழ்த்தன. தபாலில் பொருள் விற்கும் கடைகள் வந்து மொத்த வியாபாரியின் வேலையைப் பிடுங்கின. 1947இல் எட்மன்டன் அருகே லெடுக்கில் எண்ணெய் கிடைத்ததும் பணம் ஆல்பர்ட்டா பக்கம் ஓடியது.

இதெல்லாம் ஒரே விஷயத்தின் பல முகங்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. வினிப்பெக் பெரிதாக எதையும் சொந்தமாக உற்பத்தி செய்து வளர்ந்ததல்ல. எல்லோரும் கடக்க வேண்டிய வாசலாக இருந்ததால் வளர்ந்தது. வேறு வாசல்கள் திறந்ததும் வேகம் போய்விட்டது. 1951இல் நகரசபை எல்லைக்குள் 2,35,710 பேர், 1971இல் 2,46,246 பேர். இருபது வருடத்தில் இவ்வளவுதான். புறநகர்கள் வளர்ந்தன என்பது வேறு கதை.

வெள்ளத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ரெட் ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது, வில்லங்கமே அதுதான். வசந்தத்தில் தெற்கே பனி முதலில் உருகும், வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும், வருகிற தண்ணீருக்குப் போக இடமில்லை. நிலமோ பழைய பனியுகத்து அகாசி ஏரியின் அடித்தளம், தட்டையான களிமண். தண்ணீர் கரையைத் தாண்டினால் எந்தப் பக்கமும் நிற்காது.

1950இல் சுமார் ஒரு லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதைப் பார்த்த டஃப் ராப்லின், முதல்வரானதும், நகரைச் சுற்றி ஆற்றுக்கு ஒரு மாற்று வழியே வெட்டிவிடலாம் என்றார். 47 கிலோமீட்டர் நீளம், 6 கோடியே 30 லட்சம் டாலர் செலவு. 'டஃபின் பள்ளம்' என்று கேலி செய்தார்கள். 1968இல் முடிந்தது. 1997இல் 'நூற்றாண்டின் வெள்ளம்' வந்து தெற்கே பள்ளத்தாக்கு முழுவதும் ஏரியாக நின்றபோது வினிப்பெக் பெரும்பாலும் தப்பியது, கேலியும் அதோடு நின்றது. பிறகு கால்வாயை இன்னும் பெரிதாக்கினார்கள். மதகை உயர்த்தும்போது தெற்கே உள்ளவர்கள் வீட்டில் தண்ணீர் கூடுதலாக ஏறுகிறது என்ற குற்றச்சாட்டு இருந்ததால் அவர்களுக்கு இழப்பீடு கொடுக்கத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

'யூனிசிட்டி' என்று படித்தேன். அது என்ன?

1972 ஜனவரி 1 அன்று வினிப்பெக்கையும் சுற்றியிருந்த செயின்ட் போனிஃபஸ், டிரான்ஸ்கோனா போன்ற நகராட்சிகளையும் ஒன்றாக்கினார்கள். மக்கள்தொகை ஒரே இரவில் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. மன்றத்தில் 50 உறுப்பினர்கள், கேட்கவே தலை சுற்றும், பின்னால் குறைத்தார்கள். வரி சமமாகும், நடுநகரம் வலுப்பெறும் என்பது திட்டம். நடந்தது என்னவென்றால் வாக்குகள் புறநகரில் இருந்தன, அதனால் சாலையும் பணமும் அங்கேயே போயின. ஹெட்டிங்லி என்ற பகுதி 1993இல் 'நாங்கள் வரவில்லை' என்று பிரிந்தே போய்விட்டது.

இன்னொன்றையும் இதோடு சொல்ல வேண்டும். நகரம் தெற்கே பரவியபோது அதன் விளிம்பில் ரூஸ்டர் டவுன் என்று மேட்டிக் குடும்பங்கள் வாழ்ந்த ஓர் ஏழைக் குடியிருப்பு இருந்தது. 1960 வாக்கில் கடைசிக் குடும்பங்களையும் காலி செய்துவிட்டுப் பள்ளியும் வணிக வளாகமும் கட்டினார்கள். மாகாணத்தை உருவாக்கிய சமூகத்துக்கு நகரத்தில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

இப்போது அங்கே யார் இருக்கிறார்கள்? மறுபடி வளர்கிறதா?

வளர்கிறது, நிதானமாக. 2021 கணக்கெடுப்பில் நகரத்தில் 7,49,607 பேர், 2016இல் 7,05,244. (கால்கரி அதே 2021இல் 13 லட்சம்.) பூர்வகுடி மக்கள் எட்டில் ஒருவர் அளவுக்கு; கனடாவின் பெருநகரங்களில் இதுவே முன்னணி. பிலிப்பினோ மக்கள் பத்தில் ஒருவருக்கும் மேல். 1960களின் கடைசியில் தையல் தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வந்தவர்கள் போட்ட அடித்தளம் அது. 1998இல் மனிடோபா தானே குடியேறிகளைத் தேர்வு செய்யும் மாகாணத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவிலிருந்து, குறிப்பாகப் பஞ்சாபிலிருந்து, அந்த வழியாக நிறையப் பேர் வந்தார்கள். தமிழர்கள் இருக்கிறார்கள், ஆனால் டொரன்டோவோடு ஒப்பிடவே வேண்டாம்.

குளிர் நிஜமாகவே அவ்வளவா?

ஜனவரியில் சராசரி மைனஸ் 16 டிகிரி அளவில். எப்போதாவது மைனஸ் 40ஐயும் தொடும். பெயரையே 'வின்டர்பெக்' என்று மாற்றிக் கேலி செய்வார்கள். கார் இன்ஜினைச் சூடாக வைக்க ராத்திரி மின்சாரத்தில் செருகி வைக்க வேண்டும்.

ஒரே நாளில் இந்த வரலாற்றை எங்கே பார்க்கலாம்?

கூடுதுறையில் ஆரம்பியுங்கள். பழைய ரயில் கொட்டகைகள் இப்போது சந்தையாக இருக்கின்றன, பக்கத்திலேயே 2014இல் திறந்த மனித உரிமை அருங்காட்சியகம். அங்கிருந்து அப்பர் ஃபோர்ட் கேரியின் மிச்சமிருக்கும் வாசல், நடக்கும் தூரம். பிறகு பாலம் கடந்து ரியேலின் கல்லறை. திரும்பி வந்து போர்ட்டேஜ் தெருவும் மெயின் தெருவும் சந்திக்கும் இடத்துக்குப் போங்கள். 1862இல் ஹென்றி மெக்கென்னி என்பவர் அங்கே கடை போட்டபோது 'கோட்டையை விட்டு இவ்வளவு தூரத்தில் யார் வருவார்கள்' என்று சிரித்தார்கள். அந்தச் சந்திப்புதான் பிறகு நகரத்தின் மையம். 1979இல் அங்கே பாதசாரிகள் கடக்கக் கூடாதென்று சுவர் வைத்து, எல்லோரையும் கீழே சுரங்க வணிக வளாகத்துக்குத் தள்ளினார்கள். திறக்கலாமா என்று 2018இல் வாக்கெடுப்பு நடத்தியபோது மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானோர் வேண்டாம் என்றார்கள். பிற்பாடு சுரங்கத்தின் மேல்கூரையில் நீர்க்கசிவைப் பழுதுபார்க்க ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது திறப்பதே லாபம் என்று தெரிந்தது, 2025இல் திறந்துவிட்டார்கள். இப்போது பச்சை விளக்கு விழுந்ததும் நடந்தே கடக்கலாம்.